கொலுவுக்கு வந்தார்கள், கொலுவைப் பார்க்கவில்லை

செம்பூர்க்காரி
வெள்ளி, இரவு 10.40

நேற்று ராத்திரி பொம்மையைப் படுக்க வைத்தாயிற்று. இன்று பகல் பூரா பழைய வேட்டித் துணியில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் அடுக்கியதில் இடுப்பு கழன்றுவிட்டது. அடுக்கும்போது மனசுக்குள் ஓடியதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

இந்த வருஷம் எங்காத்துக்கு நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். தாம்பூலப் பை கணக்கு இருக்கிறது, அதனால் எண்ணிக்கை சரி. அதில் உட்கார்ந்தவர்கள் ஆறோ ஏழோ. பாடியவர் ஒரே ஒருத்தர், மூன்றாம் மாடி மாமி. எண்பத்தொரு வயது. அவருக்கும் சரணம் பாதியில் மறந்துபோய் நிறுத்திவிட்டார். மற்றவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். படிக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்குப் பின்னால் தசாவதாரம் தெரிகிற மாதிரி ஒரு படம். அப்புறம் தோழியோடு ஒன்று. அப்புறம் உதட்டைக் குவித்து ஒன்று. ஒரு பெண் என்னிடம், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கறேளா, ஃப்ரேம்ல வரேள்" என்றாள். என் வீட்டுக் கூடத்தில், என் கொலுவுக்கு முன்னால்! தள்ளிக்கொண்டேன்.

சுண்டலைப் பொட்டலமாகத்தான் கேட்கிறார்கள். அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டுமாம். தாமதமானால் அன்றைக்கென்று உடுத்திய நவராத்திரி நிறம் சாயம் போய்விடுமோ என்னவோ.

மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்தில் மரப்பாச்சி ஜோடி வைத்திருந்தேன். என் மாமியார் 1961ல் கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வரும்போது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. ஆண் பொம்மைக்கு ஒரு கை மொட்டை. அதற்கு ஒரு கதை உண்டு. ஒன்பது நாளில் ஒருத்தர்கூட "இதுக்கு ஏன் கை இல்லை" என்று கேட்கவில்லை. நேற்று மாட்டுப்பெண் போனைக் காட்டினாள். என்னைத் தள்ளிக்கச் சொன்ன பெண் போட்ட படத்துக்கு இருநூறுக்கு மேல் இதயம். கீழே யாரோ "ஏஸ்தெட்டிக்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் சந்தோஷப்படணுமா?

எதிலும் ஆழம் கிடையாது, எல்லாம் தன் மூஞ்சி, தன் மூஞ்சி. கிழவி புலம்பல் என்று தள்ளுகிறவர்கள் தள்ளலாம். தள்ளிக்கொள்ளத்தான் பழகிவிட்டேனே.

---

மாதுங்கா பேரன்
வெள்ளி, இரவு 11.05

மாமி, புலம்பல்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்ஸ்டாகிராம் வந்துதான் நம்ம ஆளுங்க கெட்டாங்கன்னா ஒத்துக்க முடியாது. அது வந்தது 2010 அக்டோபர்ல. அதுக்கு எவ்வளவோ முன்னாடியே கோயில் ட்யூப்லைட்ல "உபயம்"னு ஊரு, இனிஷியல், பட்டம் எல்லாம் எழுதி வெளிச்சத்தை மறைச்சவங்க நாம. எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டினவங்க நாம. எங்க பாட்டி வீட்டு இட்லிக் குண்டான்ல மூடியிலயும் பேர், குண்டான்லயும் பேர், உள்ள இருக்கற தட்டுலயும் பேர். தட்டை மட்டும் எவன் தனியாத் திருடுவான்? கல்யாண ஆல்பத்துல தாமரைப் பூவுக்குள்ள பொண்ணு முகத்தை ஒட்டின காலத்தை மறந்துடாதீங்க.

கொலு மட்டும் என்ன? படி கட்டி, இருக்கற பொம்மையெல்லாம் ஏத்தி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டறது. உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன். "அவாத்துல ஏழுதான், நம்மாத்துல ஒன்பது"ன்னு கேட்டு வளர்ந்தவன் நான்.

---

டப்பாக்காரி
வெள்ளி, இரவு 11.32

டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் ட்ரெயின்ல, லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டி) போறவ நான். மாமி நவராத்திரி நிறத்தைக் கிண்டல் பண்ணினதால உள்ள வந்தேன்.

இந்த ஊர்ல அந்த நிறக் கூத்து இன்ஸ்டாவோட வந்தது இல்ல. மராத்தி பேப்பர்ல இன்னிக்கு மஞ்சள், நாளைக்குப் பச்சைன்னு போடுவாங்க. பாங்க், ஆஸ்பத்திரி, ரயில் டப்பான்னு கும்பல் கும்பலா ஒரே நிறத்துல நின்னு படம் எடுத்து அனுப்புவோம். பேப்பர்ல மிளகு சைஸுக்கு நம்ம முகம் வரும். அதைக் கத்தரிச்சு இன்னும் பீரோவில வச்சிருக்கேன். என் மாமியார் அதைப் பார்த்துட்டு "இதுல நீ எது?"ன்னு கேட்டாங்க. எனக்கே தெரியலை.

முன்னெல்லாம் டப்பாவுல பட்டாணி உரிப்போம், கீரை ஆய்வோம், ஒரு பக்கம் பஜனை நடக்கும். இப்ப எல்லார் தலையும் கீழ. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. நான் நாலரைக்கு எழுந்திருக்கறேன். வீட்டுல "அம்மா", ஆபீஸ்ல "மேடம்". நடுவுல அந்த ஒண்ணேகால் மணி நேரம்தான் என்னை யாரும் கூப்பிடாத நேரம். அப்ப ரெண்டு செல்ஃபி எடுத்து, கண்ணுக்குக் கீழ இருக்கற கருப்பை ஃபில்டர் போட்டு அழிச்சா யாருக்கு நஷ்டம்? அந்த உரிச்ச பட்டாணியும் வீட்டுக்குத்தான் போச்சு, எனக்குன்னு ஒண்ணும் இல்ல.

---

ரிட்டயர்டு ரயில்வே
சனி, காலை 6.10

செம்பூர் அம்மையார் சொன்னது நூற்றுக்கு நூறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. நான் வி.டி. ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தின் மேலேயே நடந்து சயன் போய்ச் சேர்ந்தவன். கையில் குடை, தலைக்கு மேல் டிபன் பை. பரேல் தாண்டும்போது சால் என்கிற வரிசைக் குடியிருப்பிலிருந்து பெண்கள் இறங்கி வந்து டீயும் குளுக்கோஸ் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எங்கள் பெயரை அவர்கள் கேட்கவில்லை, அவர்கள் முகம் எங்களுக்கு இருட்டில் தெரியவில்லை. இன்றைக்கு ஒரு வாழைப்பழம் தானம் கொடுத்தால் மூன்று கோணத்தில் படம் எடுக்கிறான்.

2016 ஜனவரியில் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறையில் செல்ஃபி எடுக்கப் போன இளம்பெண்ணைக் கடல் கொண்டுபோனது. காப்பாற்றக் குதித்த மனிதரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் போலீஸ் செல்ஃபி எடுக்கக் கூடாத இடங்கள் என்று பட்டியல் போட்டது. தன் மூஞ்சியைத் தானே படம் எடுப்பதற்குக் காவல் போடவேண்டிய காலம்!

---

பூனைக்குட்டி
சனி, காலை 9.48

தாத்தா, 2005ல நான் பிறக்கவே இல்ல. ஆனா 2017 ஆகஸ்ட் 29 மழையில அம்மாகூட தாதர்ல மாட்டிக்கிட்டேன். ட்ரெயின் நின்னுடுச்சு, இடுப்பளவு தண்ணி. ட்விட்டர்ல அன்னிக்கு முன்னப்பின்ன தெரியாதவங்கல்லாம் "எங்க வீட்டுல நாலு பேருக்கு இடம் இருக்கு, வாங்க"ன்னு விலாசத்தோட போட்டுட்டே இருந்தாங்க. அப்படி ஒண்ணைப் பார்த்துட்டுதான் பிரபாதேவியில ஒரு குஜராத்தி வீட்டுக்குப் போனோம். கிச்சடியும் காய்ஞ்ச துணியும் கொடுத்தாங்க. அந்த ஆன்ட்டியோட நைட்டி எனக்குக் கால் தடுக்கற நீளம்.

டீ கொடுக்கறவங்க 2005லயும் இருந்தாங்க, சரி. ஆனா நீங்க நடந்து போன வழியில அவங்க இருந்தாங்க. எங்களுக்கு எந்தக் கதவைத் தட்டணும்னு யார் சொல்லியிருப்பா?

அப்புறம் மாமி, அந்த மரப்பாச்சிக்கு ஏன் கை இல்ல?

---

கோட்காரன்
சனி, பகல் 12.20

ஐரோலியில் ஒரு ஷாப்பிங் ஆப்பில் எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கிற டீமில் நாலு வருஷம் இருந்தேன். அதனால் கொஞ்சம் உள்வேலை சொல்கிறேன், போரடித்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

மாமி கேட்கவேண்டிய கேள்வி "ஏன் முதுகைக் காட்டி நின்றாள்" என்பதுதான். பதில் இருக்கிறது. 2014ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆட்கள் பதினொரு லட்சம் இன்ஸ்டாகிராம் படங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். முகம் இருக்கிற படத்துக்கு லைக் விழும் வாய்ப்பு 38 சதவீதம் அதிகம் என்று வந்தது. அந்தப் பெண் அந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டாள். அவசியமும் இல்லை. போன வருஷம் வெறும் பொம்மையைப் போட்டிருப்பாள், பதினேழு பேர் பார்த்திருப்பார்கள். இந்த வருஷம் தன்னையும் சேர்த்துப் போட்டாள். கரும்பு மெஷினில் எந்தப் பக்கம் கொடுத்தால் சாறு வரும் என்று கடைக்காரருக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை.

பேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009 பிப்ரவரியில். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறதே, அந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006ல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின். பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சுண்டலுக்குக்கூட அடிச்சட்டி உண்டு, இதற்குக் கிடையாது. 2016ல் இன்ஸ்டாகிராம் நேர வரிசையைக் கைவிட்டு, எது உங்களைப் பிடித்து நிறுத்துமோ அதை மேலே கொண்டுவர ஆரம்பித்தது. 2020 ஜூன் 29 அன்று இங்கே டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. கடை மாறியது, சரக்கு அதேதான்.

2021 மே மாதம் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதி கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து யாரும் மறைக்கவில்லை. நானும்தான். என் மகள் வரைந்த கோலப் படத்துக்கு எத்தனை வந்தது என்று மீட்டிங் நடுவில் மேஜைக்குக் கீழே பார்த்திருக்கிறேன். எனவே ஆட்களை மட்டும் திட்டுவது பாதிக் கணக்கு. மனுஷனுக்கு எப்போதும் இருந்த ஆசை இது. மாதுங்கா பேரன் சொன்ன ட்யூப்லைட் அதற்குச் சாட்சி. ஆனால் அந்த ட்யூப்லைட், உபயக்காரர் எத்தனை தடவை தன் பெயரைப் பார்த்தார் என்று எண்ணி, ராத்திரி பதினோரு மணிக்கு மணியடித்து அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

---

மாதுங்கா பேரன்
சனி, பகல் 12.41

அந்தக் கடைசி வரி எனக்குத்தான்னு தெரியுது. வாங்கிக்கறேன். ஆனா எவர்சில்வர் பாயிண்டுக்கு யாரும் பதில் சொல்லலை.

---

செம்பூர்க்காரி
சனி, மாலை 4.15

நான் சொல்கிறேன். உங்கள் பாட்டி பெயர் வெட்டியது பெருமைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, பாவம். பாத்திரம் வீட்டை விட்டு வெளியே போகும், அதனால் வெட்டினார்கள். எதிர்வீட்டுக்குக் குழம்பு போகும், மேல்வீட்டுக் கல்யாணத்துக்கு இட்லித் தட்டு மட்டும் தனியாகப் போகும். (திருடிக்கொண்டு போக வேண்டாம், கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.) பத்து வீட்டுப் பாத்திரம் ஒரே குழாயடியில் தேயும். எது யாருடையது என்று தெரிய வேண்டாமா? திரும்பி வரும்போது காலியாக வராது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். காலிப் பாத்திரம் கொடுப்பது மகா குற்றம் எங்களுக்கு.

கொலுவும் அப்படித்தான். நீ என் வீட்டுக்கு வந்தாயா, நான் உன் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும். படி எண்ணிக்கையில் போட்டி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போட்டி போட்டவள் வீட்டில் போய் உட்கார்ந்து, அவள் கையால் குங்குமம் வாங்கி, அவள் சுண்டலில் உப்பு ஜாஸ்தி என்று வீடு திரும்பும் வழியில் பேசியாக வேண்டும். இப்போது இதயத்தை அமுக்கினால் கடன் தீர்ந்தது.

பூனைக்குட்டி, நீ கேட்டாயே, உனக்குச் சொல்கிறேன். மரப்பாச்சி செம்மரத்தில் கடைந்தது. குழந்தை விழுந்து நெற்றி புடைத்துக்கொண்டால் சந்தனக்கல்லில் தண்ணீர் விட்டு மரப்பாச்சியை இழைத்துப் பற்றுப் போடுவார்கள். என் மாமியார் அப்போது மாதுங்காவில் சால் வீட்டில் இருந்தார், மாடிக்கு எட்டுக் குடித்தனம். எந்தக் குழந்தை விழுந்தாலும் "மாமி, பொம்மை" என்று கூப்பிடுவார்களாம். ஒரே கையையே பிடித்து இழைத்து இழைத்து, முழங்கை வரைக்கும் கரைந்துபோனது. மற்ற கையைத் தொடவிட மாட்டார். "ரெண்டும் போனா அவன் எப்படிச் சாப்பிடுவான்" என்பார். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வழவழவென்று, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இருக்கும்.

---

டப்பாக்காரி
சனி, மாலை 4.52

கண்ணுல தண்ணி வந்துடுச்சு மாமி. இதை வீடியோவா எடுத்துப் போட்டா எத்தனை பேர் பார்ப்பாங்க தெரியுமா? (அடிக்க வராதீங்க.)

---

தொண்ணூறடி ரோடு
சனி, இரவு 9.30

தாராவி. ஊரு திருநெல்வேலிப் பக்கம், தாத்தா காலத்துலயே தோல் பட்டறைக்கு வந்தவங்க. நேத்துல இருந்து எல்லாத்தையும் வாசிச்சிட்டுத்தான் சொல்லுதேன்.

அம்மா, உங்க மாமியார் கதை நல்லாருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தச் சால்ல எங்காளுக யாராச்சும் குடியிருந்தாங்களா? அந்தப் பாத்திரம் எங்க வீட்டுப் பக்கம் வந்து திரும்பிப் போயிருக்கா? எங்க அம்மை மாதுங்காவுல ஒன்பது வருசம் வீட்டு வேலை பாத்திருக்கா. அத்தனை நவராத்திரிக்கும் கூடத்தைத் தொடைச்சுவிட்டிருக்கா. அவளுக்குச் சுண்டல் உண்டு, உக்காருன்னு ஒரு சொல்லு இல்ல. என் தங்கச்சி கொலுன்னா என்னன்னு மொதல்ல பாத்தது போன்லதான், எவளோ ஒருத்தி முதுகைக் காட்டி எடுத்த படத்துல. மேலோட்டம்னு சொல்லுதீங்க. எங்களை மேலோட்டமாவாச்சும் பாக்க விட்டது அது.

இன்னொண்ணு. பொங்கலன்னைக்கு எங்க ரோட்டுல வரிசையா அடுப்புப் போட்டுப் பொங்குவோம். அன்னைக்குப் பாத்தா பத்திரிகைக்காரன், வெளிநாட்டுக்காரன், காலேஜ் பசங்கன்னு அத்தனை கேமராவும் எங்க மூஞ்சிக்கு முன்னாலதான் நிக்கும். புகையில கண்ணைக் கசக்குத படம்னா ரொம்பப் பிடிக்கும் அவங்களுக்கு. ஒருத்தனும் கேட்டுட்டு எடுத்ததில்ல, எடுத்த படத்தைக் காட்டுனதும் இல்ல. எங்களைப் படம் எடுக்கது புதுசில்ல. எங்களை நாங்களே எடுக்கதுதான் புதுசு. தங்கச்சி முறுக்கு, அதிரசம் போட்டு விக்கா. காலையில அஞ்சு மணிக்கு எண்ணெய்ச் சட்டி காயுததை ஸ்டேட்டஸ்ல வைப்பா. போன தீபாவளிக்குப் புதுச் சேலை உடுத்தி, பவுடர் போட்டு, முறுக்குத் தட்டோட அவ மூஞ்சியையும் சேத்து வச்சா. அதைப் பாத்துத்தான் முலுண்டுல இருந்தும் வாஷியில இருந்தும் ஆர்டர் வந்துச்சு. அந்தப் படத்துக்குப் பத்து நிமிசம் கண்ணாடி முன்னால நின்னா. எங்க அம்மை கண்ணாடி முன்னால பத்து நிமிசம் நின்னு நான் பாத்ததில்ல. இதைத் தற்பெருமைன்னா இருந்துட்டுப் போகட்டும்.

---

ரிட்டயர்டு ரயில்வே
சனி, இரவு 9.58

பேச்சு சமூக ஊடகத்தைப் பற்றி. இதில் ஏன் சாதியை இழுக்க வேண்டும்?

---

மாதுங்கா பேரன்
சனி, இரவு 10.03

சார், அவர் இழுக்கலை. அது இங்கதான் உட்கார்ந்துட்டு இருந்தது.

---

கோட்காரன்
சனி, இரவு 10.30

தொண்ணூறடி ரோடு, ஒரு விஷயம் தொழில்காரனாகச் சொல்லணும். தங்கச்சி ஸ்டேட்டஸ் வைப்பது நல்லது. ஸ்டேட்டஸில் வரிசை மாற்றுகிற வேலை குறைவு, நம்பர் சேர்த்து வைத்திருக்கிறவர்களுக்குத்தான் போகும். ரீல்ஸை நம்பிக் கடையை நகர்த்த வேண்டாம். அங்கே இன்றைக்கு ஆயிரம் பேர் பார்ப்பார்கள், நாளைக்கு அவர்கள் எதையோ மாற்றினால் நாற்பது. ஆர்டர் கொடுத்தவர்கள் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தீபாவளி முறுக்கு எங்களுக்கு இரண்டு கிலோ.

---

செம்பூர்க்காரி
ஞாயிறு, காலை 7.20

ராத்திரி பதில் எழுதி எழுதி அழித்தேன்.

இல்லை. வந்ததில்லை, கூப்பிட்டதும் இல்லை. எங்காத்தில் வேலைக்கு வந்தவளுக்குச் சுண்டலை வாசல் பக்கம் கொடுத்தோம். பெயர் வெட்டிய பாத்திரத்தில் அல்ல, காகிதத்தில். அதைத் திருப்பித் தரவேண்டியதில்லையே. நேற்று அத்தனை பெருமையாக எழுதும்போது எனக்கு இது ஞாபகம் வரவில்லை. ரயில்வேக்காரரே, எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

அந்தப் படம் எடுத்த பெண்ணின் மேல் எனக்கு இன்னமும் கோபம் போகவில்லை. அது வேறு கணக்கு. ஆனால் அவள் படம் உங்கள் தங்கை கண்ணில் பட்டிருந்தால், என் கொலுவைவிட அதிக தூரம் போயிருக்கிறது.

பொம்மையெல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று. பெட்டி இன்னும் பரணில் ஏறவில்லை, ஏற்ற ஆள் கிடைக்கவில்லை. உங்கள் தங்கைக்கும் அம்மாவுக்கும் இஷ்டமிருந்தால் அடுத்த ஞாயிறு வரச் சொல்லுங்கள். நவராத்திரி இல்லாத நாளில் பொம்மையைப் பிரிக்கக்கூடாது என்று மூன்றாம் மாடி மாமி சொல்வார். சொல்லட்டும்.

---

தொண்ணூறடி ரோடு
ஞாயிறு, காலை 11.05

உடனே சரின்னு சொல்ல வரல. அம்மை வரமாட்டேன்னுட்டா, அந்தப் பக்கம் மாடிப்படி ஏறி ஏறி முட்டு தேஞ்சது போதுமாம். தங்கச்சி வாரேங்கா. ரெண்டாவது வாட்டியும் கேட்டேன், வாரேங்கா.

---

பூனைக்குட்டி
ஞாயிறு, காலை 11.09

நானும் வரலாமா மாமி? பெட்டியைப் பரண்ல ஏத்தறேன்.

---

செம்பூர்க்காரி
ஞாயிறு, காலை 11.30

வா. ஸ்டூல் ஆடும், பார்த்து ஏறணும்.

---

தொண்ணூறடி ரோடு
ஞாயிறு, பகல் 1.12

தங்கச்சி ஒண்ணு கேக்கச் சொன்னா. அந்தக் கை இல்லாத பொம்மையோட ஒரு படம் எடுத்துக்கலாமான்னு.

---

செம்பூர்க்காரி
ஞாயிறு, பகல் 1.40

எடுத்துக்கட்டும். முதலில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.